நெல்லியடியில் ஏலக் குரல்

சுங்க அதிகாரி என் பையிலிருந்து அந்தக் கருவியை எடுத்து முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். சின்ன டார்ச் லைட் அளவு இருக்கும். "இது என்ன, ஷேவ் எடுக்கிறதோ?" என்று கேட்டார். இல்லை, பேசுகிற கருவி என்றேன். அதற்கு மேல் விளக்கிச் சொல்லும் பொறுமை எனக்கு இல்லை. அதை வாங்கிக் கழுத்தில் அழுத்தி, பொத்தானைத் தட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு வாயை மட்டும் அசைத்தேன். "வணக்கம் சார்" என்று ஒரு வண்டு பேசியது. அவர் பின்னால் நகர்ந்தார். பிறகு பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, "இஞ்சை வந்து பாருங்கோ, இந்த அக்கா தொண்டைக்குள்ளை வண்டு வளக்கிறா" என்றார். அவருக்கும் இன்னொருவருக்கும் செய்து காட்டிய பிறகுதான் என்னை வெளியே விட்டார்கள்.

நான் மருத்துவமனைக் கருவிகளைப் பழுது பார்ப்பவள். ஊர் நாகர்கோவில், பிழைப்பு சென்னையில். சும்மா உட்காரத் தெரியாதவள் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். சர்ச்சில் இரண்டாவது பாட்டுக்கே என் கால் ஆடத் தொடங்கிவிடும். பிறந்ததிலிருந்து கிறிஸ்தவச்சி, ஆனால் கூடி உட்கார்ந்து கடவுளைப் புகழ்ந்துகொண்டே இருப்பது எதற்கு என்று எனக்குப் புரிந்ததே இல்லை.

அப்படிப் புரியாதவர்கள் சிலர் வாரம் ஒருமுறை கணினித் திரையில் கூடுகிறோம். எங்கள் நம்பிக்கையைச் சொன்னால் பாதிப்பேர் சிரிக்கிறார்கள், மீதிப்பேருக்குக் கோபம் வருகிறது. இயேசுவை வணங்குவது என்றால் அவர் செய்ததைச் செய்வது, அவ்வளவுதான். அவர் குருடருக்குப் பார்வை கொடுத்தார், முடவரை நடக்க வைத்தார், செத்தவரை எழுப்பினார். அப்படியானால் கண்ணுக்கு லென்ஸ் வைப்பதும், செயற்கைக் கால் செய்வதும், நாளைக்கு வரப்போகும் இன்னும் பெரிய வித்தைகளும்தான் ஆராதனை. இந்த உடம்பின் எல்லைகளை, சாவு உட்பட, கடவுள் சித்தம் என்று கைகட்டி ஏற்றுக்கொள்ளக் கூடாது. அவரைப் போல ஆவதற்குத்தான் நமக்கு மூளை கொடுத்திருக்கிறார்.

இதையெல்லாம் எங்களுக்கு அடித்துச் சொன்னவர் தேவரட்ணம் மாஸ்ரர். கடலுக்கு அந்தப் பக்கம் நெல்லியடிக்காரர், ஓய்வுபெற்ற பௌதிக ஆசிரியர். அவருக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை வைத்து, அதன் வழியாக மூச்சு விடுகிறார். அதற்குப் பிறகு எங்கள் கூட்டத்தில் அவருடைய சதுரம் கறுப்பாகவே இருந்தது. ஒருநாள் அவருடைய மனைவி மனோ அக்கா எனக்குப் போன் செய்தார். "தங்கச்சி, வாற ஞாயிற்றுக்கிழமை எங்கடை சேர்ச்சிலை அறுவடைப் பண்டிகை. காணிக்கையா வாற விளைச்சலை வருசா வருசம் ஏலம் போடுறது இவர்தான். இந்தமுறையும் வெளிக்கிட்டு வந்து நாலு சொல்லுக் கதைக்காட்டில், இந்த மனுசன் இனி வீட்டுப் படலையைத் தாண்டாது. எனக்கு நல்லாத் தெரியும்" என்றார். குரல்வளை இல்லாதவர் கழுத்தில் வைத்துப் பேசும் அந்தக் கருவியை எங்கள் கூட்டம் சேர்ந்து வாங்கியது. வேலையில் லீவு கேட்டு வாங்கிக்கொண்டு நான் கிளம்பினேன்.

வியாழக்கிழமை நெல்லியடிக்குப் போகும் பஸ்ஸில் ஏறினேன். நம் ஊர் மினி பஸ்ஸைப் போலவே காது கிழியப் பாட்டு. ஆனால் கண்டக்டர் கோபப்படாமல், "பின்னுக்குப் போங்கோ, பின்னுக்கு நல்ல காத்து வருது" என்று ஆசை காட்டியே எல்லோரையும் உள்ளே தள்ளினார். பக்கத்தில் இருந்த அம்மா என் பேச்சைக் கேட்டதும் சென்னையா என்று விசாரித்தார், யார் வீட்டுக்கு என்று அடுத்த கேள்வி. சொன்னேன். அவர் பின் சீட்டுக்காரியிடம் திரும்பினார். "ஏலம் போடுற மாஸ்ரர் வீட்டையாம். பாவம் அந்த மனுசன். நாங்கள் கடவுள் மாதிரி ஆகலாம், ஆகலாம் எண்டு கதைச்சுத் திரிஞ்சவர். கடவுள் வாயை அடைச்சுப்போட்டார்."

"அடைக்கலை, டாக்டர்தான் எடுத்தாரு" என்று வெடுக்கெனச் சொல்லிவிட்டு எழுந்தேன். கோபத்தில் இறங்கவும் இறங்கிவிட்டேன். பஸ் போன பிறகுதான் அது நெல்லியடி இல்லை என்று தெரிந்தது. இரண்டு பக்கமும் வெங்காயத் தோட்டம், தலைக்கு மேல் வெயில். தோளில் பை கனத்தது. திட்டிக்கொண்டே நடந்தேன், முக்கியமாக என்னையே. கடைசியில் வாழைக்குலை ஏற்றிக்கொண்டு போன ஓர் ஓட்டோக்காரர் குலைகளுக்கு நடுவே என்னையும் செருகிக்கொண்டார்.

படலையைத் திறந்தவர் மாஸ்ரர்தான். கழுத்தில் வெள்ளைக் கைக்குட்டை. கையிலிருந்த போனில் ஏதோ தட்டினார். அது கத்தியது: "வாங்கோ! வாங்கோ! சுகமா வந்தீங்களோ!" நான் திடுக்கிட்டுப் போனேன். சந்தையில் மீன் ஏலம் கூவுகிற வேகம். ஆனால் அது அவருடைய பழைய குரல், எங்களோடு மணிக்கணக்கில் வாதாடிய அதே குரல்தான்.

அக்கா விளக்கினார். மாஸ்ரரின் தம்பி மகன் கனடாவில் இருக்கிறான். பெரியப்பாவின் பழைய குரலைக் கணினிக்குப் பழக்கிக் கொடுத்தால், தட்டுவதையெல்லாம் அது அவர் குரலிலேயே பேசும் என்று சொல்லி, இருக்கிற ஒலிப்பதிவையெல்லாம் அனுப்பச் சொன்னான். வீட்டில் இருந்தது என்ன? கல்யாணத்திலும் செத்த வீட்டிலும் மாஸ்ரர் வாய் திறந்தால் யாரும் பதிவு செய்வதில்லை. அறுவடைப் பண்டிகை ஏலத்தை மட்டும்தான் ஆண்டுதோறும் வீடியோ எடுப்பார்கள்; வெளிநாட்டில் இருக்கும் சனம் அதைப் பார்த்து வாட்ஸப்பில் ஏலம் கேட்பார்கள். அத்தனை வீடியோவையும் அனுப்பிவைத்தார்கள். வந்து சேர்ந்த குரலுக்கு ஏலம் போட மட்டுமே தெரிந்திருந்தது.

"தண்ணி கேட்டாலும் ஏலம், சுகமில்லை எண்டாலும் ஏலம்" என்றார் அக்கா. "என்னைக் கூப்பிடேக்கை ஏதோ பிலாப்பழம் மாதிரிக் கூப்பிடுது. முதல் நாள் விழுந்து விழுந்து சிரிச்சன். அடுத்த நாள் அழுகை வந்திட்டுது."

மாஸ்ரர் அதைக் கேட்டும் கேளாதது போல இருந்தார். அன்று இரவுச் சாப்பாடு பிட்டும் மீன்குழம்பும். எங்கள் ஊர்ப் புட்டுக்குப் பயறும் பப்படமும் வேண்டும். இல்லாவிட்டால் தொண்டையில் நிற்கும். இங்கே தேங்காய்ப்பால் சொதியை ஊற்றினதும் அது தானாகவே வழுக்கிக்கொண்டு போகிறது. நான் இரண்டாவது முறை போட்டுக்கொண்டேன். "இன்னும் வையும்! இன்னும் வையும்!" என்று போன் அக்காவை விரட்டியது.

வெள்ளிக்கிழமை காலை மாஸ்ரரைக் கிணற்றடிக்குக் கூட்டிப் போனேன். ஊமையனைப் பேச வைக்கும் கதையில் இயேசு அவனைக் கூட்டத்திலிருந்து விலக்கித் தனியே அழைத்துப்போவார். எனக்கு அது நினைவிருந்தது. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. கருவியை அவர் தாடைக்குக் கீழே வைத்துச் சரியான இடம் தேடினேன். சில கழுத்துகளில் அந்த இடம் உடனே கிடைக்கும், சிலவற்றில் மணிக்கணக்கில் தேடவேண்டியிருக்கும். அறுவை செய்த பக்கம் தசை இறுகிப்போயிருந்தது. அதிர்வு உள்ளே போகாமல் வெளியே இரைந்தது. நான் நகர்த்தினேன், மறுபடி நகர்த்தினேன். அந்தக் கதையில் இயேசு பெருமூச்சு விட்டதாக வருகிறது. நானும் விட்டேன், எரிச்சலில்.

கடைசியில் இடம் கிடைத்தது. "ஏதாச்சும் சொல்லுங்க மாஸ்டர்" என்றேன். அவர் வாயசைத்தார். "அம்மா" என்று வந்தது. ஏற்ற இறக்கமில்லாமல், ஆணுமில்லாமல் பெண்ணுமில்லாமல், தகரத்தைத் தேய்த்தது போல. கொய்யா மரத்தடியில் கிளறிக்கொண்டிருந்த கோழிகள் சிதறி ஓடின. மாஸ்ரர் கருவியைக் கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டுப் போனை எடுத்தார். இம்முறை சத்தத்தை நிறுத்திவிட்டு, எழுத்தை மட்டும் என்னிடம் நீட்டினார்.

"ஊமையர் பேசுவினம், செத்தவர் எழும்புவினம் எண்டு இந்த ஊருக்கு இருபது வருசமாச் சொன்னனான். இதையோ சொன்னனான்?"

"பழகணும் மாஸ்டர். பழகினா நல்லா வரும்."

"பஸ்ஸிலை சனம் என்ன சொல்லுது எண்டு எனக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை என்ரை பழைய குரலோடை போய் நிண்டால் வாயை மூடுவினம். உந்தத் தகரத்தோடை போனால் அவை சொன்னது சரியாகிப்போயிடும்."

உண்மையைச் சொன்னால், நானும் அவர் கட்சிதான். பழுது பார்ப்பவளுக்குப் பழுது வெளியே தெரிந்தால் வேலை முடியவில்லை என்றுதான் அர்த்தம். ஏலத்துக்கு ஏற்ற குரல் போனில் தயாராக இருக்க, தகரத்தை எதற்குக் கொண்டுவந்தேன் என்று தோன்றியது. கருவியைக் கிணற்றுக்கட்டிலேயே விட்டுவிட்டு உள்ளே போனேன்.

சனிக்கிழமை அக்காவோடு நெல்லியடிச் சந்தைக்குப் போனேன், அவருடைய ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து. அக்கா நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். சந்தியில் மாட்டுக்கும் லாரிக்கும் ஒரே மரியாதைதான் கொடுத்தார். நண்டு, முருங்கையிலை, பலாக்கொட்டை எல்லாம் வாங்கிவந்து ஒடியல்மாவில், அதாவது காய்ந்த பனங்கிழங்கு மாவில், கூழ் காய்ச்சினார். கூழைக் கொதிக்கக் கொதிக்கத்தான் குடிக்க வேண்டுமாம். நாங்கள் பலாவிலையைக் கிண்ணம் போலக் கோலி, ஊதி ஊதி உறிஞ்சினோம். காரம் உச்சியில் ஏறியது. குரல்வளை போனவருக்கு ஊதவும் முடியாது, உறிஞ்சவும் முடியாது. அது எனக்குத் தொழில்முறையில் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அன்றுதான் கண்ணால் பார்த்தேன். அக்கா அவருடைய கூழை இரண்டு கோப்பைகளில் மாற்றி மாற்றி ஆற்றிக்கொண்டே எங்களோடு பேசினார், கையைப் பார்க்காமல்.

பேச்சு நாளைய ஏலத்துக்குப் போனது. போனை ஒலிபெருக்கியில் இணைப்பதற்கு ஒயர் வேண்டும் என்று மாஸ்ரர் தட்டினார். அக்கா கோப்பையை வைத்தார்.

"உந்தப் போனைக் கொண்டுபோய் என்னத்தைக் காட்டப் போறியள்?"

"வணக்கம் எண்டால் பின்பற்றுதல்! பின்பற்றுதல்!" என்று போன் முழங்கியது. எங்கள் வேத வாக்கியமே அதுதான். மூன்றாம் தரம் சொல்லிச் சுத்தியல் தட்டுவது போல அது வந்து விழ, எனக்குச் சிரிப்பு வந்து கூழ் மூக்கில் ஏறியது. மாஸ்ரர் முறைத்தார். ஆனாலும் விடாமல் தட்டினார். "அவர் உயிர்த்தெழும்பினவர்! நானும் எழும்புவன்! முழுசா எழும்புவன்!"

"எழும்பி வந்தவரின்ரை கையிலை ஆணி அடிச்ச ஓட்டை இருந்ததோ இல்லையோ?" என்றார் அக்கா. "சாவையே வெண்டு வந்தவருக்கு அந்த ஓட்டையை அடைக்கத் தெரியாதோ? அதோடைதானே வந்து நிண்டு, தொட்டுப் பார் எண்டவர். நீங்கள் பின்பற்றுறவர். கழுத்திலை துணியைக் கட்டிக்கொண்டு, போனைக் கதைக்க விட்டிட்டு நிக்கப் போறியள்."

எனக்கு அந்த இடம் எப்போதுமே தொந்தரவு தந்திருக்கிறது. எங்கள் கூட்டத்தில் நாங்கள் அதைத் தாண்டிப் போய்விடுவோம். உயிர்த்த உடம்பு குறையில்லாத உடம்பு என்று பேசுவோம். ஓட்டைகளைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. "அது அடையாளத்துக்காக இருந்திருக்கும் அக்கா" என்று ஏதோ முனகினேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில், வீட்டுக்கணக்கைச் செய்யாமல் வந்த பிள்ளை ஆகிவிட்டேன். மாஸ்ரர் எழுந்து போனார். ஒயரைத் தானே தேடி எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அக்காவும் அவரும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தையும் பரிமாறிக்கொள்ளவில்லை, போன் வழியாகக்கூட. எனக்கு அந்த வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. முற்றத்தில் நடந்து நடந்து செருப்பு வார் அறுந்தது.

ஞாயிற்றுக்கிழமை. காலையில் கிணற்றடியில் கருவியைத் தேடினேன், காணவில்லை. அக்கா எடுத்து வைத்திருப்பார் என்று விட்டுவிட்டேன். சர்ச் முழுக்க விளைச்சல்: பீடத்தின் படிகளில் பூசணி, இராசவள்ளிக்கிழங்கு, வெங்காயப் பிடிகள், கதலிக் குலைகள். காலைக் கட்டிப்போட்ட சேவல் ஒன்று ஜெபத்துக்கெல்லாம் பதில் சொன்னது. நாகர்கோவிலிலும் இப்படித்தான், பலாவும் ரப்பர் ஷீட்டும் வேறு வந்து சேரும். பாட்டு நீண்டது. நான் வெளியே போய் வேப்ப மரத்தைச் சுற்றிவிட்டு வந்தேன், மறுபடியும் பாட்டுத்தான்.

ஆராதனை முடிந்து முற்றத்துப் பந்தலில் ஏலம் தொடங்கியது. மாஸ்ரர் வெள்ளைச் சட்டையும் கைக்குட்டையுமாக மேசைக்குப் பின்னால் நின்றார். வந்துவிட்டாரே என்று சனம் குசுகுசுத்தது. போதகரின் மனைவி கனடாக்காரர்களுக்காக வாட்ஸப்பில் நேரலை வீடியோ பிடித்தார். மாஸ்ரர் போனைத் தட்டினார்.

"வாங்கோ! வாங்கோ! ஆண்டவரின்ரை தோட்டத்துப் பூசணிக்காய்! ஆர் கேக்கிறியள்?"

பந்தல் ஆடிப்போனது. கை தட்டினார்கள். "மாஸ்ரருக்குச் சுகமாகிட்டுதோ!" என்று கனடாவிலிருந்து ஒரு பெண் வீடியோவுக்குள் கத்தி அழுதாள். பூசணி போனது, வெங்காயம் போனது. மாஸ்ரர் நெஞ்சை நிமிர்த்தினார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் மட்டும் கை தட்டவில்லை. அப்போதுதான் கவனித்தேன், எல்லோரும் ஒலிபெருக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசைக்குப் பின்னால் நின்ற மனிதரை யாரும் பார்க்கவில்லை.

சேவலுக்குப் போட்டி சூடு பிடித்தது. இரண்டு பக்கத்திலிருந்தும் விலையைக் கூட்டினார்கள், நடுவில் கனடாவும். மாஸ்ரர் தட்டினார். ஆனால் விரல் பின்தங்கியது. விலை இரண்டாயிரத்தைத் தாண்டிய பிறகு போன், "ஆயிரத்து இருநூறு! ஆயிரத்து இருநூறு!" என்று குதூகலமாய்க் கூவியது. "மாஸ்ரர், சேவல் மலிஞ்சு போச்சு!" என்று யாரோ சத்தம் போட, பந்தல் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. ஆனாலும் அவர் திருத்தத் திருத்தப் போன் இன்னும் பின்னால் ஓடியது. அவர் காது சிவந்துவிட்டது. போதகர் மைக்கை வாங்கி அவசரமாகச் சேவலை யாருக்கோ கொடுத்து முடித்தார். "இனி நான் பாக்கிறன் மாஸ்ரர், நீங்கள் ஆறுதலா இருங்கோ" என்று நாற்காலியைக் காட்டினார்.

உட்கார்ந்தால் முடிந்தது. எனக்கே அது தெரிந்தது. அக்கா கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

மாஸ்ரர் உட்காரவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தார். சட்டைப் பையிலிருந்து கருவியை எடுத்தார். கைக்குட்டை இடித்தது, அவிழ்த்து மேசையில் போட்டார். கழுத்துத் துளையை எல்லோரும் பார்த்தார்கள். கருவியைத் தாடைக்குக் கீழே வைத்தார். தேடவே இல்லை, நேராக அந்த இடத்திலேயே வைத்தார். எங்களுக்குத் தெரியாமல் எங்கேயோ பழகியிருக்கிறார். போதகரிடமிருந்து மைக்கை வாங்கினார்.

அடுத்த பொருள் ஒரு புடலங்காய், நுனியில் கல் கட்டியும் நிமிராமல் கோணி வளர்ந்தது.

"புடலங்காய். ஆர் கேக்கிறியள்."

தகரம் பந்தலெங்கும் தேய்ந்தது. ஒரு கைக்குழந்தை வீரிட்டது. யாரும் விலை கேட்கவில்லை. புரியவில்லையோ, பயமோ, கூச்சமோ. என் கால் ஆடுவது நின்றுவிட்டது.

"முந்நூறு!" என்றார் அக்கா, வகுப்பறைக் குரலில்.

"முந்நூறு. ஒருதரம்." சனம் அசையவில்லை. "ரெண்டுதரம்."

"நானூறு!" என்று மறுபடியும் அக்கா. சில தலைகள் திரும்பின.

"நானூறு. ஒருதரம்."

"ஐந்நூறு!"

ஒருவரும் போட்டிக்கு இல்லை. தான் கேட்ட விலையை அக்கா தானே ஏற்றிக்கொண்டிருந்தார். அவர் நிறுத்தினால் புடலங்காய் விற்றுப்போகும், ஏலம் போடுபவர் பேச்சும் நின்றுவிடும். கருவியைச் செய்வதும் கடல் தாண்டிக் கொண்டுவருவதும்தான் ஆராதனை என்று சொல்லிக்கொண்டு வந்தவள் நான். பேசுகிறவரை விட்டுவிடாமல் எதிரே ஒருவர் நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை.

மாஸ்ரர் மைக்கைத் தாழ்த்தி அக்காவையே பார்த்தார். பிறகு கருவியை மறுபடியும் அழுத்தினார். அது ஏலத்துக்கான பேச்சு இல்லை.

"இஞ்சேரும், நீர்தானே கடைசியாக் கேட்டனீர். உம்மோடை நீரே போட்டி போடுறீரோ?"

ஒவ்வொரு சொல்லும் பந்தல் முழுக்கப் புரிந்தது. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள், அது முன்வரிசை வரைக்கும் வந்தது, மாஸ்ரரின் தோளும் சத்தமில்லாமல் குலுங்கியது.

"ஓம்" என்றார் அக்கா. "அறுநூறு. நீங்கள் கதையுங்கோ."